பீரோவின் பூர்விகம்

சொற்களும் மத்திய அரசு ஊழியரைப் போன்றவையே. பிறந்த ஊரில் நெடுநாள் தங்க அவற்றுக்கு வாய்ப்பதில்லை. என்றோ ஒருநாள் மாற்றல் வருகிறது. மூட்டை முடிச்சுகளுடன் புறப்பட்டு அயலூர் செல்கின்றன. அங்கே முன்பு அறியாத பொறுப்பொன்றை ஏற்று, நாளடைவில் அவ்வூரார் போலவே ஆகிவிடுகின்றன. சில பதவி உயர்வு பெறும், சில படியிறங்கும். ஊழியருக்கு உள்ளது போலச் சொல்லுக்கும் ஒரு பணிப்பதிவேடு உண்டு. அதனை எழுதி வைப்போர் அகராதி ஆசிரியர்கள். பிரெஞ்சு மொழிச் சொல் ஒன்றின் பதிவேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கம் நோக்கிப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சொல் நம்மவர் இல்லங்களிலும் குடியிருப்பதால் அன்பர்களுக்கு இது அயல்வீட்டுக் கதையாக இராது.

தலைநகரில் உள்ள பல பள்ளிகளில் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு கற்பிக்கிறார்கள். நம் மகளும் அதனைப் பயில்கிறாள். அவளுடைய பாடநூலில் ஒரு மேசையின் படத்தை அச்சிட்டு, அதன் கீழே 'பியூரோ' என்னும் சொல்லைத் தந்திருந்தார்கள். நம் அன்னையாரோ சேலைகளை அடுக்கி வைக்கும் இரும்புப் பெட்டகத்தை வாழ்நாள் முழுதும் 'பீரோ' என்றே சொல்லி வருபவர். அதே பெட்டகத்தை நம் மகள், தோழியரிடம் கற்ற வழக்கப்படி, 'அல்மாரி' என்பாள். "அப்பா, பாட்டி சொல்லும் பீரோவும் எங்கள் பாடத்துப் பியூரோவும் ஒன்றா? ஒன்றென்றால் மேசைக்கும் அல்மாரிக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும். எப்படி வந்தது என்பது ஒரு வாக்கியத்தில் அடங்கும் செய்தியன்று.

இச்சொல்லின் முதலெழுத்தை 'பஸ்' என்பதிற் போல மெலிந்து ஒலிக்க வேண்டும். இன்றைய பிரெஞ்சு மொழியில் அது பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. எழுதும் மேசை ஒன்று; அம்மேசை இடப்பட்ட அறை மற்றொன்று; அத்தகைய அறைகள் பல சேர்ந்த அலுவலகம் வேறொன்று. அஞ்சல் நிலையமும் பியூரோ. புகையிலை விற்கும் கடையும் பியூரோ. ஒரு சங்கத்தின் தலைவர், செயலர், பொருளாளர் ஆகியோர் அடங்கிய நிர்வாகக் குழுவுக்கும் அதுவே பெயர். நம் சங்கம் பாரிசில் இருந்திருந்தால், இம்மலரின் முதற்பக்கத்தில் படமாக அமர்ந்திருக்கும் பெரியோர் அனைவரையும் சேர்த்துப் பியூரோ என்றே அழைத்திருப்பார்கள்.

நம் நாட்டு அரசுக்கும் இச்சொல் புதிதன்று. 1963இல் தோன்றிய சி.பி.ஐ. என்னும் புலனாய்வு அமைப்பின் நடு எழுத்து இதுவே. நாளேடுகளுக்கு அரசுச் செய்திகளை வழங்கும் பி.ஐ.பி.யின் இறுதி எழுத்தும் இதுவே. பிரஷர் குக்கரிலும் தலைக்கவசத்திலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொறிக்க இசைவளிக்கும் நிறுவனம், 1987 முதல் பி.ஐ.எஸ். என்று பெயர் பூண்டபோது, தன் பெயரின் முதலிடத்தை இச்சொல்லுக்குத் தந்தது. கேட்ட மாத்திரத்தில் நிமிர்ந்து உட்கார வைக்கும் சொல் இது. இதன் பூர்விகம் இத்துணை எளியது என்பதை இவ்வலுவலகங்களில் பணிபுரிவோரே பெரும்பாலும் அறியார்.

பின்னோக்கிச் செல்வோம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேன்சான் த கூர்னே என்பவர் பிரெஞ்சு அரசில் வணிக மேற்பார்வை அதிகாரியாக இருந்தார். அவர் 1712இல் பிறந்து 1759இல் மறைந்தவர். விதிகளும் படிவங்களும் வணிகரை நெரிப்பதைக் கண்டு மனம் வெதும்பியவர். முடியாட்சி, குடியாட்சி என்றெல்லாம் ஆட்சி வகைகள் எண்ணப்படுகின்றன. இங்கே மேசையே ஆள்கிறது என்று பகடியாக அவர் ஒரு புதுச்சொல்லைப் படைத்தார். பியூரோ என்னும் தம் நாட்டுச் சொல்லோடு, வலிமை என்று பொருள்படும் 'கிராத்தோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை ஒட்டினார். அதுவே 'பியூரோக்ரசி' ஆயிற்று. அவர் சொல்லிவந்ததை அவர் மறைந்தபின் 1764இல் கிரிம் என்னும் எழுத்தாளர் பதிவு செய்து வைத்தார். ஓர் அதிகாரியே அதிகாரிகளைப் பழித்துச் சொன்ன நகைச்சொல் இன்று உலகெங்கும் அரசியல் நூல்களில் முகஞ்சுளிக்காமல் வழங்கும் கலைச்சொல்லாகி நிற்கிறது.

அதற்கு ஒரு நூற்றாண்டு முன் செல்வோமாயின் ஒரு விந்தையைக் காண்கிறோம். 1666இல் தம் அங்கதப் பாடல்களை வெளியிட்ட புவாலோ என்னும் புலவர், ஏழைக் கவிஞன் ஒருவனின் உடையைச் சொல்லும் இடத்தில் இதே சொல்லை ஆள்கிறார். அங்கே அதற்கு மேசை என்றோ அலுவலகம் என்றோ பொருள் கொள்ள இயலாது. முரட்டுக் கம்பளித் துணி என்பதே பொருள். அக்காலத்தில் அரசாங்க அறைகளுக்கும் இச்சொல் வழங்கிற்று. ஏழையின் மேலாடைக்கும் வழங்கிற்று. மாற்றலாகிச் சென்ற பின்னும் பழைய வீட்டைக் காலி செய்யாத ஊழியரைப் போல, அச்சொல் ஒரே சமயத்தில் ஈரிடத்தும் குடியிருந்தது.

துணிதான் மூத்த பொருள். 12ஆம் நூற்றாண்டுப் பழைய பிரெஞ்சில் இச்சொல் 'புரெல்' என்ற வடிவில் வழங்கிற்று. சாயமேற்றாத, மெருகில்லாத, தடித்த கம்பளித் துணிக்கு அதுவே பெயர். உழவரும் துறவியரும் உடுத்திய துணி அது. ஆங்கிலத்திலும் அச்சொல் குடியேறிற்று. 14ஆம் நூற்றாண்டின் சாசர், கல்லாத எளிய மனிதனைக் குறிக்க 'புரெல் மனிதன்' என்னும் தொடரை ஆள்கிறார். கம்பளி உடுத்தவன் ஏட்டறிவில்லாதவன் என்னும் எண்ணத்தில் பிறந்த வழக்கு அது என்று ஆராய்வோர் கருதுவர்.

எழுத்தறியாதவனின் ஆடை எழுத்தரின் மேசைக்கு எவ்வாறு வந்தது? இதற்கு விடை கணக்கெழுதும் முறையில் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் ரோம எண்களே வழங்கின. அவற்றைக் கொண்டு ஏட்டின்மேல் கூட்டலும் கழித்தலும் செய்வது எளிதன்று. ஆகவே மேசைமேல் கோடுகள் வகுத்து, அக்கோடுகளுக்கிடையே காய்களை நகர்த்திக் கணக்கிட்டு, விடையை மட்டும் ஏட்டில் எழுதிக் கொண்டார்கள். இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் இது நடந்த விதத்தை ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் என்னும் கருவூல அதிகாரி 1170களின் இறுதியில் எழுதி வைத்திருக்கிறார். பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேசை, அதன்மேல் கோடுகள் இட்ட கறுப்புத் துணி, சுற்றிலும் அதிகாரிகள். துணி சதுரங்கப் பலகை போல் இருந்தமையால் அத்துறைக்கே சதுரங்கப் பலகையின் பெயர் வாய்த்தது. பிரித்தானிய நிதியமைச்சரின் பதவிப் பெயரில் வரும் 'எக்ஸ்செக்கர்' என்பது அதுவே.

பிரான்சிலும் கணக்கு மேசைமேல் துணி விரித்தார்கள். விரிப்புக்கு உகந்த தடித்த துணி புரெல். 14ஆம் நூற்றாண்டில் அச்சொல் கணக்குப் பார்க்கும் மேசையின் விரிப்பையும், பிறகு அம்மேசையையும் குறிக்கலாயிற்று. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் மேசை இருந்த அறைக்கும், அறையில் நடந்த அலுவலுக்கும், அலுவல் புரிந்த மாந்தருக்கும் அப்பெயர் படிப்படியாகப் பரவிற்று. துணி கிழிந்து மறைந்த பின்னரும் துணியின் பெயர் மட்டும் மேசையோடு ஒட்டிக்கொண்டது.

இதனை நம்மவர் வியப்பாகக் கொள்ள வேண்டுவதில்லை. அரசு அலுவலகங்களில் நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தால் அதில் அமர்பவர் அதிகாரி என்பதை யாரும் சொல்லாமலே அறிவோம். அதிகாரி இல்லாத வேளையிலும் அத்துண்டு அவர் அதிகாரத்தைக் காத்து நிற்கும். ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடித்தவர்களுக்கு, துணி ஓர் இருக்கையின் உரிமையாகும் விந்தை புதிதாகாது.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்வளர்ச்சி முழுவதும் அறிமுகமான வழியே ஆகும். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருதலை ஆகுபெயர் என்பர். தொல்காப்பியர் அதனைக் கூறினார். நன்னூலார் அதனை வகை வகையாகப் பிரித்தார். அடுப்பிலிருந்து பாலை இறக்கு என்றால் பாற்பாத்திரத்தை இறக்குகிறோம். ஓரிடத்தில் இருக்கும் பொருளின் பெயர் அவ்விடத்துக்கு ஆகிவந்த தானியாகுபெயர் அது. மேலே விரித்த துணியின் பெயர் மேசைக்கு ஆனதும், உள்ளே கிடந்த மேசையின் பெயர் அறைக்கு ஆனதும் அவ்வகையினவே. ஊர் சிரித்தது என்றால் ஊரார் சிரித்தனர் என்று கொள்கிறோம், அது இடவாகுபெயர். அலுவலகத்தின் பெயர் அலுவலருக்கு ஆனது அதன்பாற் படும்.

ஆகுபெயர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வருவதும் நம் மொழியில் உண்டு. தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என்று இரு போகம் விளையும். கார் அறுத்தாயிற்று என்று அங்கே சொல்வார்கள். கார் என்பது முதலில் கருமை. கருமையின் பெயர் மேகத்துக்கு ஆயிற்று. மேகத்தின் பெயர் அது பொழியும் பருவத்துக்கு ஆயிற்று. பருவத்தின் பெயர் அப்போது விளையும் நெல்லுக்கு ஆயிற்று. நிறம் நெல்லாக மாறிய இவ்வழக்கை மும்மடியாகுபெயர் என்று கற்றோர் குறித்தனர். கம்பளி அரசாங்கமாக மாறியது அதைக் காட்டிலும் இரண்டொரு படி கூடுதல், அவ்வளவே.

இனி ஒலியின் கதை. 'புரெல்' என்பதன் இறுதியிலிருந்த லகரம் எங்கே போயிற்று? பன்மையைக் குறிக்கச் சொல்லின் இறுதியில் சகர ஒலியைச் சேர்க்கும்போது, அதன் முன் நின்ற லகரம் இளகி உகரமாயிற்று. பின்னர் எகரமும் உகரமும் கூடி, பல மாறுதல்களின் முடிவில் ஓகாரமாக ஒலித்தன. பன்மையில் நேர்ந்த மாறுதலை ஒருமையும் ஏற்றுக் கொண்டது. இது இவ்வொரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. இலத்தீனில் கோட்டையைக் குறித்த 'காஸ்டெல்லும்' பழைய பிரெஞ்சில் 'சாஸ்டெல்' ஆகி, இன்று 'ஷாத்தோ' என நிற்கிறது. அழகிய என்று பொருள்படும் 'பெல்' என்பது 'போ' ஆயிற்று. புதிய என்று பொருள்படும் 'நோவெல்' என்பது 'நூவோ' ஆயிற்று. வல்லினத்துக்கு முன்னே லகரம் நிலைகொள்ளாது என்பதைத் தமிழரும் அறிவோம். பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி அன்றோ? இரு மொழிக்கும் உறவு உண்டென்று காட்ட இதனைச் சொல்லவில்லை. நாவின் இயல்பு எங்கும் ஒருபடித்தானது என்று காட்டவே சொன்னோம்.

பன்மையில் இச்சொல்லை எழுதும்போது பிரெஞ்சுக்காரர் இறுதியில் எக்ஸ் என்னும் எழுத்தை இடுவர். அதனை ஒலிப்பதில்லை. அது ஏன் அங்கே நிற்கிறது என்றால், அதுவும் எழுத்தர் செய்த வேலைதான். இடைக்காலத்தில் ஏடுகளைப் படியெடுத்தோர், உகரமும் சகரமும் சேர்ந்து இறுதியில் வரும்போதெல்லாம், நேரமும் இடமும் மிச்சமாக, எக்ஸ் போன்ற ஒரு சுருக்கக் குறியை இட்டார்கள். பின்வந்தோர் அதனை எழுத்தென்றே கொண்டு, விட்ட உகரத்தையும் மீண்டும் சேர்த்து எழுதினர். அலுவலகத்தின் பெயரில் எழுத்தரின் கைக்குறி நிலைத்து நிற்பது, அத்தொழிலில் காலங்கழிக்கும் நம்மைப் போன்றோர்க்குச் சிறிது மகிழ்ச்சி தருவதே.

பழைய பிரெஞ்சுக்கும் அப்பால் செல்வோம். சீசர் கி.மு. 58 முதல் 50 வரை நடத்திய போர்களால் கால் நாடு ரோமர் வசமாயிற்று. போர்வீரரும் வணிகரும் பேசிய கொச்சை இலத்தீன் அங்கே வேரூன்றிற்று. ஏட்டிலத்தீனைப் பொதுமக்கள் விளங்கிக் கொள்ளாத காலமும் வந்தது. தூர் நகரில் 813இல் கூடிய சமயப் பேரவை, மறையுரைகளை நாட்டார் பேச்சிலேயே நிகழ்த்துமாறு பணித்தது. 842இல் எழுதப்பட்ட ஸ்ட்ராஸ்பூர் உறுதிமொழிகளில் அந்நாட்டார் பேச்சு முதன்முறையாக ஏடேறிற்று. அதுவே பிரெஞ்சு மொழியின் குழந்தைப் பருவம்.

அக்கொச்சை இலத்தீனில் 'பூரா' என்றொரு சொல் இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கணித்துள்ளனர். அது எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை. கிடைத்த பிற்கால வடிவங்களைக் கொண்டு அதனை உய்த்துணர்ந்தனர். ஆகவே அகராதிகளில் அதற்கு முன்னே ஓர் உடுக்குறி இடுவர். கண்டது வேறு, கருதியது வேறு என்பதை அச்சிறு குறி நாணயமாகச் சொல்லிவிடுகிறது. ஏட்டில் கிடைத்திருக்கும் மூலவடிவம் பிற்கால இலத்தீனின் 'புர்ரா'. ஆட்டுமயிரின் முரட்டுக் கற்றை, கம்பளிக் கழிவு, பறட்டைத் துணி என்பன அதன் பொருள்கள். இன்றைய பிரான்சில் உள்ள போர்தோ நகரில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவுசோனியுசு என்னும் புலவர், தம் நூலைத் தாமே தாழ்த்திக் கூறுமிடத்தில், அதனைப் புர்ராக்கள் என்கிறார். பஞ்சுக் குப்பை போன்ற அற்பங்கள் என்பது கருத்து. அவையடக்கம் தமிழ்ப் புலவருக்கே உரியதன்று போலும்!

புர்ராவின் வழித்தோன்றல்கள் பலர். மெத்தைக்குள் அடைக்கும் கம்பளிக் கழிவுக்குப் பிரெஞ்சில் 'பூர்' என்று பெயர். அடைத்து நிரப்புதலை அதிலிருந்தே சொல்வர். ஸ்பானிய மொழியில் 'போர்ரா' என்பது முரட்டுக் கம்பளி. அதிலிருந்து அழித்தல் என்னும் வினையும், அழித்தெழுதுவதற்குரிய முதற்படியைக் குறிக்கும் 'போர்ராதோர்' என்னும் பெயரும் தோன்றின. நம் அலுவலகங்களில் ஒரு கடிதம் வரைவாகி, திருத்தப்பட்டு, மறு வரைவாகி மேலே செல்கிறதே, அவ்வரைவுக்கு ஸ்பானியப் பெயர் அதுதான். மேசையும் வரைவும் ஒரே ஆட்டு மயிரில் பிறந்த உடன்பிறப்புகள்.

இதற்கும் அப்பால் வழி மங்குகிறது. இலத்தீனில் செந்நிறத்தைக் குறிக்கும் 'புர்ருஸ்' என்றொரு சொல் உண்டு. அது நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. புர்ராவையும் அதனோடு சேர்த்து நெருப்பில் கொண்டுபோய் முடித்தவர்கள் உண்டு. ஒலி ஒத்திருக்கிறது, கம்பளிக்கும் செம்மைக்கும் பொருள் இயைபு தெளிவாக இல்லை. ஆகவே விழிப்புள்ள ஆராய்ச்சியாளர் இலத்தீனோடு நின்றுகொண்டனர்.

நாம் இதனை நண்பர் ஒருவரிடம் கூறியபோது அவர் இலத்தீனோடு நிற்க மறுத்தார். புர்ரா என்பது நம் 'போர்வை'யே என்று அந்த இடத்திலேயே நிறுவிவிட்டார். ஊரை விட்டு ஆயிரத்தைந்நூறு கல் தள்ளி வாழ்கிறவர்க்கு இத்தகைய ஆசை எழுவது இயற்கை. ஆயினும் அது ஒலி மயக்கமேயன்றி வரலாறன்று. போர்வை ஐரோப்பா சென்ற வழியில் ஒரு காலடிச் சுவடும் இல்லை. சுவடு இருக்கும் இடம் வேறு. பிரெஞ்சில் இஞ்சிக்கு 'ஜான்ஜாம்பிர்' என்று பெயர். அதற்கு முன் இலத்தீனில் 'ஜிஞ்ஜிபெரி', கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', பாலியில் 'சிங்கிவேர', அதற்கும் முன் திராவிட மொழியின் இஞ்சியும் வேரும். ஒவ்வொரு படிக்கும் ஏட்டுச் சான்றோ ஒலி நெறியோ இருப்பதால் அயல்நாட்டு அறிஞரும் இதனை ஏற்றனர். பர்ரோவும் எமனோவும் திராவிட வேர்ச்சொல் அகராதியை 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்தியமைத்தனர். அத்தகைய உழைப்பினால் நிலைபெற்ற பெருமைகளை, போர்வை போன்ற வேடிக்கைகளோடு கலந்து வைத்தால், கேட்போர் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவர். நம் குழந்தைகள் பிற மொழியாரோடு அமர்ந்து கற்கும் ஊரில் வாழ்கிறோம். அவர்கள் கையில் கொடுக்கும் செய்தி, நாலு பேர் கேள்வி கேட்டாலும் நிற்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

மேசை தமிழரின் பெட்டகமான கதைக்கு வருவோம். பியூரோ ஆங்கிலத்துக்குச் சென்று இழுப்பறைகள் வைத்த எழுதுமேசையைக் குறித்தது. அமெரிக்காவில் எழுதும் பலகை நீங்கி இழுப்பறைகள் மட்டும் எஞ்சின. துணிமணிகளை வைக்கும் நிலைப்பெட்டிக்கு அங்கே அப்பெயர் ஆயிற்று. தமிழ்நாட்டில் அது கதவும் பூட்டும் உள்ள உயர்ந்த பெட்டகத்துக்குப் பெயராகி, 'பீரோ' என்று உருப்பெற்றது. ஆந்திர அன்பர்கள் அதனையே 'பீருவா' என்பர்.

பீரோவுக்குத் துணையாக வந்த சொற்களும் நெடும்பயணம் செய்தவையே. இலத்தீனில் திறவுகோலைக் குறித்த 'கிளாவிஸ்', போர்த்துக்கீசியத்தில் 'ஷாவெ' ஆகி, அவர்களுடைய கப்பல்களில் வந்து தமிழில் 'சாவி' ஆயிற்று. பீரோச் சாவி என்னும்போது, பிரான்சு வழி வந்த ஓர் இலத்தீன் சொல்லும் போர்த்துக்கல் வழி வந்த ஓர் இலத்தீன் சொல்லும் நம் சமையலறையில் சந்தித்துக் கொள்கின்றன. வடவர் சொல்லும் அல்மாரியும், நம்மவர் சொல்லும் அலமாரியும் போர்த்துக்கீசியர் தந்தவையே. படைக்கலங்களையும் கருவிகளையும் வைக்கும் இடம் என்பது அதன் இலத்தீன் மூலம். யாழ்ப்பாணத் தமிழர் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று வழங்குவதுண்டு. அது டச்சுக்காரர் விட்டுச் சென்ற 'கன்டோர்'; அதற்கு முன் பிரெஞ்சின் 'கோந்த்துவார்'; அதன் பொருள் கணக்கிடும் மேசை. இலத்தீனில் கணக்கிடுதலைக் குறிக்கும் அதன் வேரிலிருந்தே, நம் கோப்புகளையெல்லாம் இன்று தன் திரைக்குள் இழுத்துக்கொண்ட கம்ப்யூட்டரும் பெயர் பெற்றது. கணக்கு மேசையொன்று பாரிசில் பியூரோவாகவும், மற்றொன்று யாழ்ப்பாணத்தில் கந்தோராகவும் அலுவலகப் பதவி அடைந்தன.

எதிர்த்திசையில் நடந்த சொல்லும் உண்டு. கச்சேரி என்பது வடக்கே வழக்குமன்றம். தமிழ்நாட்டில் தாலுகா கச்சேரி என்று அரசு அலுவலகத்தைக் குறித்த அச்சொல், பலர் கூடும் அவையாகி, இறுதியில் இசையரங்காயிற்று. மாலையில் கச்சேரிக்குப் புறப்படும் தமிழரை, என்ன வழக்கு என்று அண்டை வீட்டார் பரிவோடு விசாரிப்பதைத் தலைநகர்த் தமிழர் பலர் கேட்டிருப்பர்.

இவற்றையெல்லாம் இத்துணை விரிவாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் அறிந்த ஒரு தமிழ் வகுப்பில், குழந்தைகள் வீட்டுப் பொருள்களின் பெயர்களை எழுதி வந்தார்கள். நம் மகள் பாட்டியைக் கேட்டுப் பீரோ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து, நிலைப்பேழை என்று திருத்தியிருந்தார். அவர் தமிழ்ப் பற்றுடையவர். ஊதியம் பெறாமல் கற்பிப்பவர். அன்னையார் அந்த ஏட்டை வாங்கிப் பார்த்தார். "அறுபது வருசமாச் சொன்ன சொல்லு தப்பாப் போச்சாக்கும்?" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு சில நாட்கள், பேத்தி அருகிலிருந்தால், அப்பொருளைப் பெயர் சொல்லாமல் 'அது' என்றே குறித்து வந்தார். அயலூரில் தமிழ் பேசுவதற்கு அவருக்குக் கிடைத்த ஆட்களே சிலர். அவர்களிடமும் தம் தமிழைக் குறித்து அவர் அஞ்ச நேர்ந்தது.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் நம் மொழிக்குச் செய்த நன்மையை யாரும் மறுக்க இயலாது. அலுவலகம், கோப்பு, வரைவு என்று இக்கட்டுரையில் நாம் எழுத முடிகிறதென்றால், வேற்றுச் சொற்களுக்கு ஈடாகத் தமிழ்ச் சொற்களைத் தேடியும் ஆக்கியும் தந்த அறிஞரின் உழைப்பே அதற்குக் காரணம். நிலைப்பேழையும் நல்ல சொல். குழந்தைகள் அதனைக் கற்கட்டும். ஆயினும் இலக்கண நூலார் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோது, பிற நிலத்திலிருந்து வந்து வழங்கும் சொல்லுக்குத் திசைச்சொல் என்று ஓர் இருக்கை போட்டு வைத்தார்கள். பீரோ வந்தமர அவ்விருக்கை போதும். அதனைக் கற்க வேண்டிய குழந்தைக்கு இரு சொல்லையும் கொடுத்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிட்டால், ஏட்டின்மேல் சிவப்புக் கோடு தேவைப்படாது. பாட்டியின் சொல் அழிந்து போனால் அந்த இடத்தில் நிலைப்பேழை வந்து அமரும் என்பது நிச்சயமில்லை. நம் ஊர்களில் அந்த இடத்தைப் பெரும்பாலும் அல்மாரியே பிடித்துக் கொள்கிறது.

அன்னையாரின் பீரோவில் என்ன இருக்கிறது? அடித்தட்டில் கம்பளிகள்; தில்லிக் குளிருக்கென வாங்கியவை. நடுத்தட்டில் நூற்சேலைகள். மேல்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி, அவருடைய கூறைப்புடவை. கணக்கு மேசையையும் அரசாங்க அறையையும் அதிகாரக் கூட்டத்தையும் சுற்றி வந்த அச்சொல், பல நூற்றாண்டுகளுக்குப் பின், துணியைக் காக்கும் பணிக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆட்டுமயிர்க் கம்பளியாகப் பிறந்தது, கம்பளியையும் பட்டையும் தன்னுள் வைத்துப் பூட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தச் செய்தியை அன்னையாருக்கு நாம் விளக்கமாகச் சொன்னோம். பிரெஞ்சும் இலத்தீனும் அவரை அதிகம் கவரவில்லை. "அப்போ துணிதானே? நான் சொன்னதும் சரிதான்" என்றார். அன்று முதல் பீரோ மீண்டும் பீரோவாயிற்று.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரெஞ்சு மொழிக்குப் பேரகராதிகள் உண்டு. 1971 முதல் 1994 வரை பதினாறு தொகுதிகளாக வெளிவந்த ஓர் அகராதி, ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், எந்த ஏட்டில், எப்பொருளில் முதலில் காணப்பட்டது என்பதைச் சொல்கிறது. நம் தாயார் புழங்கும் வீட்டுச் சொற்களுக்கு அத்தகைய பதிவு பெரும்பாலும் அவர்களுடைய நினைவு ஒன்றே. ஆகவே இல்லந்தோறும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். அம்மி முதல் அரிவாள்மணை வரை, பரண் முதல் பீரோ வரை, வீட்டு முதியோர் சொல்லும் சொல்லை அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதலாம். அவர்களுடைய ஊரையும் அருகே குறிக்கலாம். பொருள் மாறி வழங்கினால் அதனையும் சேர்க்கலாம். எழுதும் பணியைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தல் நன்று. பாட்டியிடம் உட்கார அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். ஆண்டுதோறும் அக்குறிப்பேடுகளிலிருந்து சில பக்கங்களை நம் சங்க மலர் வெளியிடுமாயின், பின்னொரு நாள் தமிழ்ச் சொற்களின் பணிப்பதிவேட்டை எழுத முற்படுவோர்க்கு அது பெரிதும் உதவும்.